அம்மோனியா விட்டும் உறைந்த ரப்பர் பால்

ஐந்தாம் படிவ இரசாயன மீள்பார்வைக்குப் பால் உறையும் சோதனை. மூன்று பீக்கரிலும் 20 மில்லி ரப்பர் பால். ஒன்றில் நீர்த்த எத்தனோயிக் அமிலம், இன்னொன்றில் உறையாமல் காக்கும் அம்மோனியா, மூன்றாவதை அப்படியே விட வேண்டும். அமிலம் விட்டது உடனே கட்டியானது, சரி. ஆனால் அம்மோனியா பீக்கரிலும் மறுநாள் திரி திரியாகக் கட்டி. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பாலுக்குப் பஞ்சமில்லை என்பதால் திரும்பத் திரும்பச் செய்து நாள்தான் வீணானது.

புது அம்மோனியா, கூடுதல் அளவு, பீக்கருக்கு ஒரு கண்ணாடிக் கோல், எதுவும் எடுபடவில்லை.

பால் வந்ததும் எதுவும் கலக்காமல் நீல லிட்மஸ் தாளை நனைத்ததில்தான் பிடி கிடைத்தது: தாள் சிவந்தது. பார்வைக்குப் பால் நன்றாகத்தான் இருந்தது. வடிகட்டினால் குருணை குருணையாக நின்றது. மரத்தில் பால் பிடிக்கும் கோப்பையான மங்கின் அடியில் ஒட்டியிருந்த பழைய கட்டிப்பாலில் பாக்டீரியா ஏராளம். மதியத்துக்குள் அவை அமிலத்தைச் சுரந்து உறைதலைத் தொடங்கிவிடுகின்றன. அதன்பின் அம்மோனியா விட்டால் அமிலம் நடுநிலையாகும், சேர்ந்த துகள் பிரியாது.

துடைத்த மங்கில் காலைப் பால் பிடித்து, வடிகட்டி, அம்மோனியா பங்கைத் தோட்டத்திலேயே கலந்தோம். சிவப்பு லிட்மஸ் நீலமாகும்வரை விட்டால் போதும். மறுநாளும் பால் பாலாகவே இருந்தது.

விடையில் பலர் விடுவது: அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரதச் சவ்வின் எதிர்மின்னூட்டத்தை நடுநிலையாக்கிய பிறகே துகள்கள் மோதிச் சவ்வு உடைகிறது.