கொரங்காடு வாங்க நினைத்து ஊருக்குப் போகிறவர்களுக்கு

காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் நான்கு ஏக்கர் கொரங்காடு (உயிர்வேலி சூழ்ந்த தனியார் மேய்ச்சல் நிலம்) வாங்கி, இரண்டு காங்கயம் மாடுகளையாவது மேயவிட வேண்டும் என்ற ஆசையோடு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் புறப்படுகிறவர்கள், காடு பார்க்கும் முன்பே சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை பெற்றவர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர்) வீடோ வீட்டுமனையோ வாங்கலாமே தவிர, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. உழுவதில்லை, புல்தானே வளர்கிறது என்ற வாதம் எடுபடாது. கொரங்காடு பொதுவாக வருவாய்ப் பதிவேட்டில் புன்செய், அதாவது விவசாய நிலம், என்றே இருக்கும்.

அப்படியானால் நம் பணத்தைக் கொடுத்துத் தம்பி பெயரில் கிரயம் செய்துகொள்ளலாம் என்று ஊரில் எளிதாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பினாமிப் பரிவர்த்தனை ஆகும். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலம் பறிமுதல் ஆவதோடு, ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு. நேர்மையான வழிகள் குறைவுதான்: ஊரில் வாழும் பெற்றோர் தங்கள் சொந்தப் பணத்தில் தங்களுக்கென்றே வாங்கும் நிலம் பிற்காலத்தில் வாரிசுரிமையாக உங்களுக்கு வரலாம், இந்தியக் குடிமகனாக இருந்தால், நிரந்தரமாக ஊர் திரும்பிய பின் நீங்களே வாங்கலாம். தானமாகப் பெறவும் தடை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெற்றோருக்காகக் காடு பார்ப்பவர்கள் சித்திரையில் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பின் எல்லாக் காடும் பச்சையாகத்தான் தெரியும். கோடையில்தான் கொழுக்கட்டைப் புல்லின் தூர் எவ்வளவு அடர்த்தி, வெள்வேல மரங்கள் எத்தனை, கிளுவை வேலியில் எங்கெங்கே சந்து விழுந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் படும். புதிதாக வேலி வைத்து அது அடைத்து நிற்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், நல்ல உயிர்வேலி உள்ள காட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றோடு அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) பாருங்கள். அதில் மேய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அது ஊருக்குப் பொதுவான அரசு நிலம், விற்க எவருக்கும் உரிமையில்லை. கடவு (காட்டின் நுழைவாயில்) வரை மாடு போகும் தடம் அடுத்தவர் காட்டின் வழியாக இருந்தால், தடப் பாத்தியம், அதாவது அந்த வழியில் போய்வரும் உரிமை, கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்; வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.