உலக வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழக்குவது எப்படி

ஏபி (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடத்திட்டம்) உலக வரலாறு படிக்கிற பிள்ளையிடம் முதல் நாள் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒரே கேள்விதான்: 1914இல் போர் ஏன் மூண்டது? "சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதால்" என்று பதில் வரும். சரி, சுட்டது ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் ஒரு மாதம் எல்லோரும் என்ன செய்தார்கள்? ஜெர்மனி ஜூலை 5இல் ஆஸ்திரியாவுக்குத் தந்த வாக்குறுதி, 23இல் செர்பியாவுக்குப் போன இறுதி எச்சரிக்கை என்று தேதிவாரியாக எழுத வைப்பேன். பிள்ளை யோசிக்கத் தொடங்குவது இங்கேதான்.

அப்புறம் மைய வாதம். "பல காரணங்கள் இருந்தன" என்று எழுதினால் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவேன். எந்தக் காரணம் பெரியது, ஏன் என்று ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அதில் "ஆனாலும்" இருந்தால் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

தேர்வில் ஆவணக் கேள்வி என்று ஒன்று உண்டு; தரப்படும் ஆவணங்களை வைத்துக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம், 7 ஆவணங்கள். முதல் 15 நிமிடம் படிக்க மட்டும். யார் எழுதியது, யாருக்காக என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் வட்டமிடுவேன். ஒரு மாணவியின் அடுத்த கட்டுரை பாதியாகச் சுருங்கிவிட்டது. இப்போது கட்டுரைக்கு இரண்டே குறைகள்தான் சொல்கிறேன்.