சட்டப் படிப்பு முடிஞ்சாச்சு, கவுன் எப்போது போடலாம்?

கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு, "என்னப்பா, வக்கீல் ஆயிட்டியா?" என்று ஊரில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பட்டம் வேறு, வழக்கு நடத்தும் உரிமை வேறு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏறாமல் தொழில் செய்தால் 45-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

1. தகுதி

இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் சட்டப் பட்டம். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

2. சான்றிதழ்கள்

பலர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எனக்கு 'எஸ்.' என்று ஒரே இனிஷியல். சட்டப் பட்டத்தில் 'கே.எஸ்.' என்று இரண்டு. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. பட்டத்தைத் திருத்தி வாங்குவதற்குள் என்னோடு படித்தவர்கள் எல்லாம் பதிவு செய்து கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

அதனால் ஒரு நாள் ஒதுக்குங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, இளநிலைப் பட்டம், சட்டப் பட்டம், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். உங்கள் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. நம் பெயரில் உள்ள பிழை நம் கண்ணுக்குச் சட்டென்று படாது.

3. விண்ணப்பமும் கட்டணமும்

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒரே பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. சட்டத்தில் உள்ள பதிவுக் கட்டணம் மாநில கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மொத்தமே 125. முத்திரைத்தாள் செலவு தனி. ஆனால் இதே பதிவுக்கு ஒடிசாவில் முன்பு 42,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டம் சொல்வதற்கு மேல் எந்த மாநில கவுன்சிலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வாங்கிப் படித்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

போலீஸ் விசாரணையும் உண்டு. உங்கள்மேல் வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். முக்கியமான விஷயத்தை மறைத்துப் பதிவு செய்தது பின்னால் தெரிந்தால், பெயரையே நீக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது.

4. பதிவு நாள்

கறுப்பு கோட், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை, கவுனோடு உறுதிமொழி எடுப்பீர்கள். பதிவு எண் கிடைக்கும். நீங்கள் போடும் ஒவ்வொரு வக்காலத்திலும் இனி அந்த எண் இருக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

5. அகில இந்திய பார் தேர்வு

2009–10 கல்வியாண்டு முதல் பட்டம் முடித்தவர்கள் எல்லோரும் எழுத வேண்டிய தேர்வு. இது செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023-இல் உறுதி செய்தது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் தேறிவிட வேண்டும். 100 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தேர்ச்சிக்கு 45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40.

குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டம் மட்டும் அச்சிட்ட புத்தகம்) கொண்டுபோகலாம். ஆனால் அதைப் புரட்டத் தெரிந்திருக்க வேண்டும். தற்காலிகத் தடையாணை என்றதும் கை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளைக்கு (ஆர்டர் 39) போக வேண்டும். தினமும் அரை மணி நேரம் இப்படித் தேடிப் பழகுங்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டதால், அண்ணன் அக்காவிடம் பழைய புத்தகம் வாங்கி வைத்திருந்தால் புதியதையும் வாங்கிவிடுங்கள்.

தேறியதும் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வரும். அதற்காகக் காத்திருக்காமல், பதிவு செய்த மறுநாளே ஒரு சீனியரிடம் சேர்ந்துவிடுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. சேரும்போதே அதைப் பற்றி மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.