குதிரைவெட்டி போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குற்றாலத்துக்குக் கிளம்புவதுபோல நினைத்த நேரத்தில் வண்டியை எடுத்துவிடுவதுதான் முதல் தவறு. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களும், அவற்றைத் தாண்டி உள்ள குதிரைவெட்டிக் காட்சிமுனையும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு செக்போஸ்ட்டைக் கடக்க முடியாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், மழை வலுத்தால் பாதையையே அடைத்துவிடுவார்கள். முந்தின நாளே அம்பாசமுத்திரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கெஞ்சினால் விடுவார்கள் என்று நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு வந்து வெயிலில் நிற்க வேண்டாம்.

அனுமதி கிடைத்தாலும் மதியம் ஏறாதீர்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் கடந்துதான் குதிரைவெட்டி. பாதை குறுகல், வண்டி ஊர்ந்துதான் போகும். மேகம் இறங்கிவிட்டால் எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. காலையில் போனால் கீழே காரையாறு அணைத் தண்ணீர் பளபளக்கும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு மழைக் கணக்கில் ஊத்தும் நாலுமுக்கும் எத்தனை முறை முன்னால் நிற்கின்றன!

ஈரக் காலத்தில் அட்டை ஏறும். பயந்துபோய்ப் பிடித்து இழுக்காதீர்கள். அது தோலைக் கவ்வியிருக்கும் மெல்லிய முனைக்கடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கொஞ்ச நேரம் ரத்தம் கசிவது வழக்கம்தான். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

எனக்கு மனசு பொறுக்காத தவறு வேறு. தேயிலைப் பச்சையை 'இயற்கை' என்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அது காட்டை வெட்டி மனிதர்கள் நட்ட பச்சை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கும் மேலான காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கீழே இருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில், வாழ்ந்து கொழுந்து பறித்தார்கள். அவர்களுடைய கூலிப் போராட்டத்துக்கு ஆதரவாக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியதில் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது, பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கிவிட்டன.

ஆகவே பூட்டிக் கிடக்கும் லயன் வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதும், வாசலில் ரீல்ஸ் எடுப்பதும் வேண்டாம். அங்கே பிறந்து வளர்ந்த யாராவது எதிர்ப்பட்டால், கேமராவை உள்ளே வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த முகட்டிலிருந்து எது தெரியும் என்று அவர்களே காட்டித் தருவார்கள்.