பிறப்புப் பதிவில் பெற்றோரின் தொழில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரின் வேலைக்கும் குழந்தையின் பிறவிக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பிறப்புப் பதிவுகளை வைத்து ஆராயத் தொடங்கியிருக்கும் சிலரின் அட்டவணைகளை அண்மையில் சரிபார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள், அதே இடங்களில் இருந்தன. எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும்.

"ஆபரேட்டர்" என்ற சொல்லை மட்டும் நம்புவது

எதை இயக்குபவர்? தொலைபேசி இணைப்பகத்தில் இருப்பவரும் ஆபரேட்டர், கொதிகலன் முன் நிற்பவரும் ஆபரேட்டர். செய்யும் வேலை, அது நடக்கும் துறை இரண்டும் தெரிந்தால்தான் சரியான தொழில் குறியீடு (தொழில் வகையைக் காட்டும் எண்) தர முடியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு தொழில் வகைப்பாட்டில் 436 அடிப்படைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒற்றைச் சொல்லை வைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வெறும் ஊகம். துறை தெரியாவிட்டால் பெரும்பிரிவோடு நின்றுவிடுங்கள்.

"இல்லத்தரசி" என்றால் வேலைக்கே போகாதவர் என்று கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பிறப்புப் பதிவுப் படிவம் நிரப்பப்படுவது குழந்தை பிறந்த பிறகு. கருவின் இதயமும் கைகால்களும் உருவாவதோ, கருவுற்ற மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். நமக்கு வேண்டியது அந்த வாரங்களில் தாய் பார்த்த வேலை. படிவத்தில் இருப்பது பிரசவ நேரத்து நிலை. அதையும் பல நேரங்களில் சொல்பவர் தாய் அல்ல, உடன் வந்த உறவினர். "வீட்டில்தான் இருக்கிறாள்" என்பார். எழுத்தர் "இல்லத்தரசி" என்று எழுதிவிடுவார்.

அப்படிப்பட்டவர்கள் எல்லோரையும் நான் "ரசாயனத் தொடர்பு இல்லாதவர்கள்" பக்கம் சேர்த்தேன். ரசாயனத் தொடர்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற இரு பக்கங்களுக்கும் குழந்தைகளின் குறைபாட்டில் வேறுபாடே தெரியவில்லை. ஆபத்து இல்லை என்று எழுதவும் தயாராகிவிட்டேன். உடன் பணியாற்றிய ஒருவர் பிடிவாதமாகச் சில தாய்மார்களை நேரில் கேட்டு வந்தார். அவர்களில் ஒருவர் ஐந்தாம் மாதம் வரை சாயப்பட்டறையில் சாயம் கலக்கியவர். பல மாத உழைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. கர்ப்பத்தில் சிக்கல் வந்தவர்களே பெரும்பாலும் முன்கூட்டி வேலையை விடுகிறார்கள். அவர்களெல்லாம் "இல்லத்தரசி" ஆகிவிட்டால், ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் குழுவே நலிந்த குழுவாகிவிடும். ஆபத்தான வேலை பாதுகாப்பானதாகத் தோன்றும். எவ்வளவு பெரிய தரவாக இருந்தாலும் இது தானாகச் சரியாகாது. முடிந்தால், "கருவுற்றபோது என்ன வேலை பார்த்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள்?" என்று தாயிடமே கேளுங்கள். முடியாவிட்டால் அவர்களை எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனிக் குழுவாக வையுங்கள்.

தந்தையின் வேலைக்குப் பிரசவத் தேதியைப் பார்ப்பது

விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். எனவே குழந்தை பிறப்பதற்கு ஓராண்டு முன்பு அவர் எங்கே வேலை பார்த்தார் என்று பாருங்கள்.

வெற்றிடத்தை "வேலையில்லை" என்று நிரப்புவது

கூடவே கூடாது.

பழைய பதிவில் தாயின் தொழிலைக் காணாமல் முடிவுக்கு வருவது

இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1837-இல். தாயின் தொழிலைப் பதியும் வழக்கம் பரவலாக வந்தது 1980-களில்தான். அதற்கு முந்தைய பதிவில் அது இல்லை என்பதால் தாய் வேலை பார்க்கவில்லை என்று பொருளல்ல.

சான்றிதழிலேயே தேடுவது

இந்தியாவில் பெற்றோரின் தொழில் பிறப்புச் சான்றிதழில் அச்சாவதில்லை. அது பிறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இருக்கிறது.