முதல் நாளே அடுக்கிய லசானியாவும் ஃபாயிலில் விழுந்த ஓட்டையும்
பெரிய விருந்து என்றால் லசானியாவை (பாஸ்தா ஷீட், சாஸ், சீஸ் என்று அடுக்கடுக்காக வைத்து ஓவனில் சுடும் இத்தாலிய உணவு) முதல் நாள் ராத்திரியே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது என் வழக்கம். ஒருமுறை காலையில் எடுத்துப் பார்த்தால், மேலே மூடியிருந்த அலுமினிய ஃபாயிலில் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். அதற்கு நேர்கீழே சீஸில் சாம்பல் நிறப் புள்ளிகள். எவர்சில்வர் ட்ரே, அலுமினிய ஃபாயில், நடுவே உப்பும் புளிப்புமாகத் தக்காளி சாஸ். மூன்றும் சேர்ந்தால் குட்டி பேட்டரிதான், அரிபடுவது அலுமினியம். புள்ளி விழுந்த இடத்தை வழித்தெடுத்துவிட்டுச் சுட்டேன். இப்போது லசானியா மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதற்கு மேல்தான் ஃபாயில். புள்ளியே இல்லை.

அப்புறம், வேகவைக்காமல் அடுக்கும் பாஸ்தா ஷீட் ராத்திரி முழுக்க சாஸை உறிஞ்சும். சாஸ் கொஞ்சம் தளர இருக்கட்டும். ஓவனில் 190 டிகிரி செல்சியஸ். மூடியபடி 50 நிமிடம், திறந்து 15 நிமிடம். ஓரம் கொதிப்பதை நம்ப வேண்டாம், ஃப்ரிட்ஜ் குளிர் நடுவில்தான் தங்கும். அங்கே தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் கால் மணி நேரம் ஆறவிட்டால் துண்டு சரியாது. அதுவரை பசியோடு நிற்பவர்களிடம் கார்லிக் பிரெட்டை நீட்டிவிடுங்கள்.