நில ஆமைக் குஞ்சு வளர்ப்பு: முட்டை பொரிக்கும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

தமிழில் எல்லாமே ஆமைதான். கடலில் நீந்துவதும் குளத்தில் மூழ்கிக் கிடப்பதும் தரையில் புல் மேய்வதும் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. அதனால் முதல் தவறு பெயரிலேயே நடக்கிறது: நில ஆமைக் குஞ்சைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது. கால்கள் தூண் மாதிரி, விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. நிலை கொள்ளாத ஆழம் என்றால் மூழ்கிச் செத்துப்போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குஞ்சுகளை அதிகம் பலிவாங்குவது அதுதான். "பாலைவனத்து விலங்குதானே" என்று உலர்ந்த மணலில் விட்டு, மேலே சூடான பல்பைக் கட்டிவிடுவார்கள். வெயிலில் நடமாடுவது பெரிய ஆமை. முட்டை இருப்பது மண்ணுக்குள்; குஞ்சும் முதல் மாதங்களின் பெரும்பகுதியை ஈரமான வளையிலும் செடிப் புதரின் அடியிலும் ஒளிந்தே கழிக்கிறது. இருட்டு, ஈரம், மாறாத வெப்பம் என்ற மூன்றையும் தராத பெட்டி எவ்வளவு விலை போட்டு வாங்கினாலும் பயன்படாது.

எதற்கும் முன்னால் சட்டம். இந்திய நட்சத்திர ஆமை 2019 முதல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. வேறு பல இனங்களுக்கும் அனுமதியும் ஆவணமும் வேண்டும். காட்டிலிருந்து எடுத்த முட்டையோ குஞ்சோ என்றால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

முட்டையைத் திருப்புவது

கோழி முட்டை அடை வைத்துப் பழகிய கை, ஆமை முட்டையையும் திருப்பிப் போடும். பறவை முட்டைக்குள் மஞ்சள்கருவைத் தாங்கிப் பிடிக்க இரு பக்கமும் முறுக்கிய இழைகள் உண்டு. ஆமை முட்டையில் அவை இல்லை. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேலே வந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை உருண்டால் கரு பிய்ந்துபோகும், அல்லது மஞ்சள்கருவின் எடைக்கு அடியில் நசுங்கும். ஆகவே குழியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, கிடந்த நிலையிலேயே, மேற்புறத்தில் பென்சிலால் சிறு குறி போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே மை உள்ளே போகும். முட்டையைக் கழுவவும் கூடாது. ஒட்டிய மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

கோழி முட்டைக்கான இன்குபேட்டரைப் பயன்படுத்தலாம். ஆனால் தானாகத் திருப்பும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். அதன் 37.5 டிகிரி அமைப்பை மாற்ற மறந்தால் கரு வெந்துவிடும்.

வெப்பமும் ஈரமும்: கண்ணால் அளப்பது

பெரும்பாலான இனங்களுக்கு 30 முதல் 31 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பான வெப்பம். ஆணா பெண்ணா என்பதையும் இதுவே முடிவு செய்கிறது: குளிர்ந்தால் ஆண், சூடேறினால் பெண். மத்தியதரைக்கடல் பகுதியின் ஹெர்மன் ஆமையில் இரண்டும் சரிபாதி வருவது ஏறக்குறைய 31.5 டிகிரியில். "எல்லாம் பெண்ணாக வரட்டும்" என்று 34-க்கு ஏற்றுபவர்களுக்கு ஓட்டில் தகடு கூடுதலாகவோ கோணலாகவோ அமைந்த குஞ்சுகள் கிடைக்கும்; சில முட்டைகள் பொரிக்காமலே போகும். வெப்பமானியை முட்டைகளுக்குப் பக்கத்தில், அவற்றின் உயரத்திலேயே வையுங்கள். மூடியில் தொங்கும் வெப்பமானி சொல்வதற்கும் அடியில் இருப்பதற்கும் 2 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். முட்டை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் காலியாக ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டை உட்கார, ஈரத்தை உறிஞ்சி வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் நல்லது. 100 கிராமுக்கு 80 முதல் 100 கிராம் வரை தண்ணீர், எடைபோட்டுக் கலக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அதில் முட்டையைப் பாதி புதையும்படி வையுங்கள். அதிகத் தண்ணீரைக் குடித்த முட்டை உப்பி, ஓடு விரிசல் விடும். காய்ந்தால் குஞ்சு உள்ளேயே ஒட்டிப்போகும். ஈரம் குறைந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைவிட எளிய வழி உண்டு. முதல் நாளே டப்பாவை முட்டைகளோடு எடைபோட்டு மூடியில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை ஆட்டாமல் எடுத்து நிறுத்து, எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ அத்தனை மில்லி வெதுவெதுப்பான நீரை ஓரமாக விடுங்கள். முட்டை மேல் ஊற்றக் கூடாது. மூடியில் கோத்த நீர் முட்டை மேல் சொட்டாமல் இருக்க டப்பாவைச் சற்றுச் சாய்த்து வைப்பது ஒரு சின்ன உபாயம்.

கரு பிடித்ததா என்று பார்க்கவும் முட்டையைத் தூக்க வேண்டாம். இருட்டறையில் சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியவில்லை என்றால் உடனே வீசிவிடாதீர்கள்; நாற்றமோ கசிவோ வரும்வரை இடம் கொடுங்கள்.

உதவி செய்கிறேன் என்று ஓட்டை உடைப்பது

ஹெர்மன் ஆமை முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம், ஆப்பிரிக்காவின் பெரிய நில ஆமையான சல்கேட்டாவுக்கு 85 முதல் 120 நாள். ஒரே ஈட்டு முட்டைகளிலேயே நாட்கள் முன்பின் ஆகும். முதல் குஞ்சு வந்துவிட்டது என்பதற்காக மற்றவற்றைக் கீறிப் பார்ப்பது கொலைக்குச் சமம்.

மூக்கு நுனியில் உள்ள சிறு முட்டைப்பல்லால் குஞ்சு ஓட்டில் துளை போடும். பிறகு அப்படியே கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள், சிலசமயம் மூன்று நாள்கூட ஆகும். பார்ப்பவருக்குத்தான் பொறுமை போகிறது. குஞ்சுக்கு உள்ளே வேலை இருக்கிறது. வயிற்றுக்கு அடியில் எஞ்சியிருக்கும் மஞ்சள்கருப் பையை அது அப்போதுதான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் ஓட்டை உரித்தால் பை கிழியும். கிழிந்தால் பிழைப்பது அரிது.

பை முழுதாக உள்ளே போகாமலே வெளியே வந்துவிட்ட குஞ்சை, ஈரமான டிஷ்யூ தாள் விரித்த சிறு கிண்ணத்தில், நடந்து தேய்க்க முடியாதபடி வைத்து, மறுபடி இன்குபேட்டருக்குள்ளேயே விடுங்கள். சில நாளில் உள்வாங்கிவிடும். தொப்புள் மூடும்வரை மண்ணில் விடக் கூடாது, கிருமி ஏறும். முட்டைக்குள் சுருண்டிருந்ததால் அடியோட்டில் குறுக்கே ஒரு மடிப்பு தெரியும். ஊனமோ என்று பயந்து அழுத்த வேண்டாம், தானே நிமிரும்.

காய வைத்து வளர்ப்பது

ஓட்டுத் தகடுகள் ஒவ்வொன்றும் கூம்பாக எழும்பி நிற்கும் ஆமைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நட்சத்திர ஆமையில் அது ஓரளவு இயல்பு. சல்கேட்டாவிலோ ஹெர்மனிலோ அது வளர்ப்பில் நேர்ந்த கோளாறு, பிரமிடிங் என்பார்கள். புரதம் கூடியதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சல்கேட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்து 2003-இல் வெளியான வீஸ்னர், இபென் ஆய்வில் புரதத்தின் பங்கு சிறிதாகவும், காற்றின் வறட்சியின் பங்கு பெரிதாகவும் தெரியவந்தது. ஒருமுறை எழும்பிய மேடு இறங்காது. இனி வளர்வதைத்தான் சமமாக்கலாம்.

மேலே திறந்த கண்ணாடித் தொட்டியும் அதன்மேல் ஸ்பாட் பல்பும் இதற்கு உத்தரவாதமான வழி. சூடான காற்று மேலே போக, ஈரமும் கூடவே போகும். மூடிய பெட்டி வேண்டும், 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். தரையில் 5 செ.மீ. அளவுக்குத் தேங்காய் நார்த்தூளோ மரப்பட்டைச் சில்லோ போட்டு, அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கட்டும். மணலும் கூழாங்கல்லும் குடலை அடைக்கும். தேவதாரு மரச்சீவலின் எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. சல்கேட்டா போன்ற வெப்பநில இனங்களுக்கு ஈரப்பதம் 80 சதவீதம், குளிர்காயும் இடத்தில் 35 முதல் 37 டிகிரி, மறுகோடியில் 27, இரவிலும் 26-க்குக் கீழே போகக் கூடாது. இரவுச் சூட்டுக்கு ஒளி தராத செராமிக் ஹீட்டர் போதும். ஹெர்மன் போன்ற மத்தியதரைக்கடல் இனங்கள் இரவுக் குளிர்ச்சியை இன்னும் கொஞ்சம் தாங்கும். அவற்றுக்கும் ஒளிய ஈரமான மூலை கட்டாயம்.

"ஈரம் வைத்தால் சளி பிடிக்குமே" என்பார்கள். சளி பிடிப்பது ஈரமும் குளிரும் சேரும்போது. வெதுவெதுப்பான ஈரத்தில் குஞ்சு நன்றாகவே இருக்கும்.

தினமும் 20 நிமிடம் குளியல் உண்டு. தட்டையான தட்டில் வைத்தால் நீர் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும், குஞ்சும் ஏறி ஓடிவிடும். உயரமான பக்கங்கள் உள்ள பாத்திரத்தில், 32 டிகிரி நீர், முகவாய் நனையாத ஆழம். குளியலில் பெரும்பாலும் மலசலம் கழிக்கும். அதில் வரும் வெள்ளைப் பொருளை விரலால் தேய்த்துப் பாருங்கள். தயிர்போல் வழுவழுப்பாக இருந்தால் சரி. மணல்போல் நெருநெருத்தால் உடம்பில் நீர் போதவில்லை. இதைக் கவனிக்காமல் விட்டதுதான் பின்னாளில் மூத்திரப்பைக் கல்லாக வந்து நிற்கும்.

வெளிச்சமும் தீனியும்

ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலில் யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் கிடையாது. கண்ணாடி அதை நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, தின்னும் சுண்ணாம்புச்சத்து எலும்புக்குப் போகாது, ஓடு மெத்தென்று ஆகும். நீளமான யூவி-பி குழல்விளக்கு நல்லது. சுருள் வடிவச் சிறு பல்புகளைக் குஞ்சின் முகத்துக்கு நேரே வைத்துக் கண் வீங்கிய கதைகள் ஏராளம். குழல் எரிந்துகொண்டே இருக்கும், யூவி-பி மட்டும் சத்தமில்லாமல் குறைந்துபோகும்; தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள். நேரடி வெயில் எல்லாவற்றையும்விட மேல், ஆனால் நிழலும் கூடவே வேண்டும். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி அடுப்புதான்.

தீனியில் செய்யும் தவறு பெரும்பாலும் பாசத்தால் வருவது: ரொட்டி, பால், நாய்த்தீனி, பழம். புல் தின்னும் இனங்களுக்கு முசுக்கொட்டை இலை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மருந்து தெளிக்காத களைச்செடிகள் போதும். வெள்ளரியும் தக்காளியும் வெறும் தண்ணீர். சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைவிட இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பதால் வாரம் இரண்டு மூன்று நாள் ஒரு சிட்டிகை கால்சியம் பொடி தூவுங்கள். செங்கால் ஆமை போன்ற சில இனங்கள் விலக்கு. அவை பழமும் கொஞ்சம் இறைச்சியும் தின்னும்.

துணைக்கு ஒன்று என்று ஜோடியாக வளர்ப்பதும் வேண்டாம். ஆமைகள் சண்டையைச் சத்தமில்லாமல் போடும். ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிப் படுப்பதும், தீனித் தட்டை மறித்து நிற்பதும் அன்பு அல்ல. அடங்கிப்போன குஞ்சு தின்னாமல் தேயும்.

தேய்வதைக் கண்டுபிடிக்க வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், குளியலுக்கு முன், கிராம் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஆமைக்கு உதரவிதானம் இல்லாததால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. மருத்துவர் கிடைக்கும்வரை இரவிலும் பெட்டியை 30 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பார்க்க நலமாக இருக்கும் குஞ்சும், மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம்.